நாக்கின் ஓரத்தில் சர்க்கரை

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். கதவோரம் நிற்கிறவர்களும் உள்ளே வாருங்கள், இது தள்ளி நின்று கேட்கிற கதை இல்லை. ஒரு பெண்ணின் கதை சொல்லப் போகிறேன். சிரிக்கவும் இடம் இருக்கிறது. ஆனால் ஓரிடத்தில் உங்களுக்கு மூச்சே நின்றுவிடும். முதல் தடவை கேட்டபோது, கையில் இருந்த டம்ளரை எங்கே வைத்தேன் என்றே எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண்ணுக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவோ, தெருவில் எல்லோருக்கும் அவள் 'வக்கீல்'தான். பேச வந்த நாளிலிருந்தே வாதம். "இருட்டிடுச்சு, விளையாடினது போதும், உள்ள வா" என்று அம்மா கூப்பிட்டால், "எனக்கு இன்னும் இருட்டலையே!" என்பாள். பிறவியிலேயே அவளுக்குக் கண் தெரியாது. அவள் பேசுவதைக் கேட்டு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அம்மா பாதி வழியில் நின்றுவிடுவாள்.

அம்மாவுக்குச் சட்டை தைக்கிற கம்பெனியில் வேலை. காஜா மெஷின் அவளுடையது. பட்டன் நுழைகிற ஓட்டையைச் சுற்றி நூல் கட்டுகிற மெஷின். பக்கத்து மேசையில் இன்னொருத்தி, தைத்து வந்த சட்டைகளில் நூல் பிசிறு வெட்டுகிறவள். இரண்டு பேரும் ஒரே தெரு, ஒரே பஸ். பிசிறு வெட்டுகிறவளுக்கும் ஒரு மகள், வக்கீலுக்கு ஒரு வகுப்பு கீழே. அவளுக்குத் தெரு வைத்த பெயர் 'வாயாடி'. வக்கீலும் வாயாடியும் சேர்ந்து நடந்து வந்தால் தெருநாய்கூட ஒதுங்கிப் போகும்.

இப்போது பள்ளிக்கூடத்துக்கு வருவோம். முன்னெல்லாம் கண் தெரியாத பிள்ளைகளுக்கு அறிவியல் பாடம் கிடையாது. அதற்குப் பதிலாகப் பாட்டு. வக்கீலுக்கு அதில் ஆறாத கோபம். "எனக்குப் பாட்டே வராதும்மா. கண்ணு தெரியலைன்னா தொண்டை நல்லா இருக்கும்னு யாரு சொன்னது?" என்பாள். அந்த நேரத்தில் மேலே இருக்கிறவர்கள் புதுச் சட்டம் கொண்டு வந்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் சமம். ஒரே பள்ளி, ஒரே பாடம், ஒரே பரீட்சை. வக்கீல் துள்ளிக் குதித்தாள். அந்த விதிகள் முழுவதையும் அம்மாவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். மனப்பாடம் ஆகும்வரை விடவில்லை. "இட்லிப் பானை கழுவக்கூட விட மாட்டேங்கறா" என்று அம்மா புலம்பவில்லை என்று நினைக்காதீர்கள். புலம்பிக்கொண்டேதான் வாசித்தாள்.

அந்தச் சட்டத்துக்கு ஒரு வாலும் இருந்தது. இப்படிச் சேர்ந்து படிக்கிற பிள்ளை பெரிய பரீட்சையில் ஒரு பாடத்தில் தவறினாலும் அந்தப் பள்ளியில் இடம் போய்விடும். வேறு ஊரில் இருக்கிற தனிப்பள்ளிக்கு, விடுதிக்குப் போக வேண்டும். ஒரு பகல் முழுக்கப் பஸ் பயணம். வக்கீலுக்கு அது ஒன்றுதான் பயம். தன் தெரு, தன் பெஞ்சு, தன் வாயாடி, இதையெல்லாம் விட்டுவிட்டு எங்கே போவாள்?

சட்டம் வந்ததும் பள்ளியில் அவள் கையில் ஒரு சின்னப் பெட்டி கொடுத்தார்கள். பட்டனை அமுக்கினால் ஒரு பெண் குரல் பாடம் வாசிக்கும். வக்கீல் அந்தக் குரலுக்குப் 'பெட்டி டீச்சர்' என்று பெயர் வைத்தாள். மற்றப் பாடங்களுக்கு வகுப்பிலேயே உட்காருவாள். அறிவியலுக்கு மட்டும், "இது படம் பாக்கிற பாடம்மா, கண்ணாடிக் குழாய் எல்லாம் இருக்கும், உனக்குக் கீழதான் வசதி" என்று அறிவியல் சார் படிக்கட்டுக்கு அடியில் இருந்த அறைக்கு அனுப்பிவிடுவார். உடைந்த நாற்காலிகள் கிடந்த அறை. கதவில் 'சிறப்பு அறை' என்று புதுப் பலகை. தலைக்கு மேலே மற்றப் பிள்ளைகள் பெஞ்சை இழுக்கிற சத்தம் கேட்கும். கீழே இவளும் பெட்டி டீச்சரும்.

ஆனாலும் அவள் படித்தாள். எப்படிப் படித்தாள்! பெட்டி டீச்சர் எங்கே இருமுவாள், எங்கே பக்கம் புரட்டுவாள் என்பதுகூட அவளுக்கு அத்துப்படி.

ஒருநாள் வாயாடி வந்து, "அக்கா, நாக்குல எல்லா இடத்துலயும் எல்லா ருசியும் தெரியுமாம், எங்க புக்ல போட்டிருக்கு" என்றாள்.

"தப்பு" என்றாள் வக்கீல். "நுனியில இனிப்பு. ஓரத்துல புளிப்பு. உள்ள கசப்பு. பெட்டி டீச்சர் சொல்லியிருக்காங்க."

"இல்லக்கா, புக்லயே..."

"உன் கிளாஸ் பெரிசா, என் கிளாஸ் பெரிசா?"

"உன்னுதுதான்."

"சின்னப் பசங்களுக்கு எல்லாத்தையும் சுருக்கித்தான் சொல்லுவாங்க. மேல வந்தா சரியாச் சொல்லித் தருவாங்க. புரிஞ்சுதா?"

வாயாடிக்கு வாயடைத்துப் போனது. தெருவில் அவளை வாயடைக்க வைத்த ஒரே ஆள் வக்கீல்தான். வகுப்புத் தோழிகளும் ஒன்றிரண்டு தடவை ஏதோ சொல்லிப் பார்த்து, இவளிடம் தோற்றுப் போய், நமக்கெதுக்கு வம்பு என்று விட்டுவிட்டார்கள். பாருங்கள் கண்ணுகளா, நன்றாகப் பேசத் தெரிந்ததே ஒரு பிள்ளைக்குச் சுவராகிவிடுவதும் உண்டு.

பரீட்சை வந்தது. கண் தெரியாத பிள்ளை வாயால் சொல்ல, கூட உட்கார்ந்து இன்னொரு பிள்ளை எழுத வேண்டும். எழுதுகிற பிள்ளை ஒரு வகுப்பாவது கீழே படிக்க வேண்டும் என்பது விதி. பெரியவர்கள் எழுதினால் தாங்களே விடை போட்டுவிடுவார்கள் என்கிற பயம்தான். பள்ளியிலிருந்து பெரிய டீச்சர் சொல்லி அனுப்பினார்: "கீழ் வகுப்புல நல்லாப் படிக்கிற பொண்ணாப் பாத்து விடுங்க." கீழ் வகுப்பில் முதல் மார்க் வாங்குவது யார்? நம் வாயாடிதான். இரண்டு அம்மாக்களும் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். தெய்வமே பார்த்துச் செய்த ஏற்பாடு என்று நினைத்தார்கள்.

அறிவியல் பரீட்சை கடைசி. தனி அறை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி. கண்காணிக்க வந்தவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, தன் மகனுக்குப் பெண் பார்க்கிற விஷயத்தைப் போனில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். வக்கீல் சொல்லச் சொல்ல வாயாடியின் பேனா ஓடியது. இரண்டு கேள்விகள் மட்டும் வக்கீலுக்கு எங்கேயும் கேட்ட மாதிரி இல்லை. அந்தப் பாடத்தின்போது தூங்கிப் போயிருப்பேனோ என்று நினைத்துக்கொண்டு, தோன்றியதைச் சொன்னாள். எழுதியதைத் திருப்பி வாசிக்கச் சொல்லிக் கேட்கிற உரிமை அவளுக்கு உண்டு. கேட்கவில்லை. வாயாடியிடம் போய் அதைக் கேட்பதா?

மணி அடித்தது. இருவரும் வெளியே வந்தார்கள். வாயாடி கையைப் பிடித்துக்கொண்டு குதித்து நடந்தாள்.

"அக்கா, கவலையே படாத. சூப்பரா வந்திருக்கு."

"அதான் தெரியுமே. நான்தானே சொன்னேன்."

"இல்லக்கா... நீ சில இடத்துல தப்புத் தப்பாச் சொன்னே. அதையெல்லாம் நான் சரி பண்ணி எழுதிட்டேன்."

வக்கீல் நின்றுவிட்டாள். கையிலிருந்த கோல் தரையில் விழுந்து உருண்டது. அதை எடுக்கக்கூட இல்லை.

"என்ன பண்ணினே?"

"நாக்கு ருசி கேட்டாங்கல்ல, நீ அந்த நுனி ஓரம்லாம் சொன்னே. நான் எங்க புக்ல இருக்கறதை எழுதினேன். அப்புறம் ஒரு கிலோன்னா என்னன்னு கேட்டாங்க. நீ ஏதோ இரும்புக் கட்டி, பெட்டிக்குள்ள பூட்டி வெச்சிருக்காங்கன்னு சொன்னே. அதெல்லாம் இப்ப இல்லக்கா, மாத்திட்டாங்க."

"நான் சொன்னதை நீ எழுதல?"

"நல்லதுக்குத்தானேக்கா..."

"என் வாயில வந்ததை நீ எழுதலையாடி!"

வக்கீல் கத்தி யாரும் கேட்டதில்லை. வாதாடுகிறவள் கத்த மாட்டாள். ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாயாடி அழ ஆரம்பித்தாள். வக்கீலுக்கு விதி முழுக்க மனப்பாடம் என்றேனே. எழுதுகிற பிள்ளை தன் விடையை எழுதியது தெரிந்தால் பரீட்சை செல்லாது. எழுதிய பிள்ளையும் அடுத்த வருஷம் பெரிய பரீட்சை எழுத முடியாது. இரண்டு பேருக்கும் கதவு சாத்திவிடும். விதி போகட்டும், முதல் அடியே வேறு. இவள் என் சரியான விடைகளை மாற்றிவிட்டாள், அதனால் நான் தோற்றுவிட்டேன். அப்படித்தான் அப்போது வக்கீல் நினைத்தாள்.

இருவரும் நேராகக் கம்பெனிக்குப் போனார்கள். சாப்பாட்டு நேரம். மெஷின்கள் ஓய்ந்திருந்தன. விஷயம் கேட்டதும் பிசிறு வெட்டுகிறவள் மகளின் முதுகில் ஒன்று வைத்தாள்.

"அதிகப்பிரசங்கி! கை எழுதப் போனா கையை மட்டும் கொண்டு போக வேண்டியதுதானே? மூளையையும் எதுக்குடி கூட்டிட்டுப் போனே?"

"அடிக்காத அத்தே" என்றாள் வக்கீல். "அவ அடுத்த வருஷம் என் வகுப்புக்கு வந்து படிச்சா அவளுக்கே தெரியும், எது சரின்னு."

அழுகைக்கு நடுவிலும் வாயாடிக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் சார்கிட்டயே போய்க் கேட்டேன்! புக்தான் சரின்னு சொன்னாரு. உன்கிட்ட வந்து சொன்னா நீ விடுவியா? பேசிப் பேசியே என்னைக் கொன்னுட மாட்டே? உன் கிளாஸ் புக்லயும் அப்படித்தான் போட்டிருக்கு. அடுத்த வீட்டு அண்ணன் புக்கை நான் பாத்தேன்!"

அப்போது காஜாக்காரி, அதாவது அம்மா, ஒரு காரியம் செய்தாள். தேநீர் போடுகிற மூலையிலிருந்து ஒரு சிட்டிகை சர்க்கரை எடுத்து வந்தாள்.

"வாயைத் திற."

நுனியில் வைக்கவில்லை. நாக்கின் ஓரத்தில், பின்பக்கமாக வைத்தாள்.

"நுனியில படாம பாத்துக்க. என்ன தெரியுது?"

வக்கீலின் முகம் மாறியது. நாக்கை அசைக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் முதலில் வந்தது, பேச்சு அப்புறம்.

"இனிக்குது."

"அப்ப?"

"எனக்கு எப்பவுமே அப்படித்தாம்மா இருந்துச்சு. எல்லா இடத்துலயும் இனிச்சுது. பாடத்துல வேற மாதிரிச் சொல்லவும்..." அவள் நிறுத்தினாள். "கண்ணு மாதிரி என் நாக்கும் சரியில்லைன்னு நெனச்சுக்கிட்டேன்."

அந்த இடத்தில்தான் கண்ணுகளா, எனக்கு மூச்சு நின்றது. பிசிறு வெட்டுகிறவள் கையிலிருந்த கத்தரி மேசைமேல் விழுந்தது. வக்கீலின் அம்மா சர்க்கரை ஒட்டிய விரலோடு அப்படியே நின்றாள். தோற்றுப் போனதைவிடப் பெரிய அடி இது. அவள் படித்துப் படித்து மனப்பாடம் செய்த புத்தகம் உலகத்தில் இப்போது இல்லவே இல்லை. யாரோ எப்போதோ தூக்கிப் போட்ட புத்தகம்.

அன்றைக்கு மத்தியானமே அரை நாள் லீவு சொல்லிவிட்டு அம்மாவும் மகளும் பள்ளிக்குப் போனார்கள். வாயாடியைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்று வக்கீல் வழியிலேயே அம்மாவிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். பெரிய டீச்சர் அறையில் அறிவியல் சாரும் இருந்தார்.

"சார், என் பெட்டியில இருக்கறது பழைய புத்தகமா?" என்றாள் வக்கீல்.

சார் பெரிய டீச்சரைப் பார்த்தார். பெரிய டீச்சர் மேசையைப் பார்த்தார்.

"புத்தகம் மாத்தினப்ப ஒலிப்பதிவு மாத்தலம்மா" என்றார் சார். "புதுசு வரும்னு சொன்னாங்க. வரும் வரும்னு இருந்தோம். ஒண்ணும் இல்லாததுக்குப் பழசாவது இருக்கட்டுமேன்னு..."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ ஆசையாப் படிச்சே. சொன்னா மனசு விட்டுடுவேன்னு..."

"பழசைப் படிச்சா எப்படி பாஸ் பண்ணுவா?" என்று அம்மா கேட்டாள். "அதை யோசிக்க வேணாமா?"

பெரிய டீச்சர் கெட்டவர் இல்லை. ஆறுதல் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் அதைச் சொன்னார். "அதுக்கு ஏம்மா கவலைப்படறீங்க? எழுதுற பொண்ணு பாத்துக்கும். எல்லா ஊர்லயும் அப்படித்தானே நடக்குது. நல்லாப் படிக்கிற பொண்ணா விடுங்கன்னு எதுக்குச் சொல்லி அனுப்பினோம்?"

வெளியே யாரோ பந்து விளையாடுகிற சத்தம் கேட்டது. அந்த ஏற்பாட்டுக்கு நன்றி சொல்ல அம்மா போன வாரம்தான் இதே அறைக்கு வந்து கும்பிட்டுவிட்டுப் போயிருந்தாள்.

"அப்ப நான் எதுக்கு டீச்சர் அந்த நாற்காலியில உக்காந்திருந்தேன்?" என்றாள் வக்கீல்.

பெரிய டீச்சர் மேசைமேல் இருந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தார். வாதத்தில் ஜெயிப்பது அவளுக்குப் பழக்கம். ஆனால் இப்படி ஒரு ஜெயிப்பு யாருக்கு வேண்டும்?

பிறகு அவளே கேட்டாள். "விடைத்தாளை இன்னும் அனுப்பலைல்ல?"

"நாளைக்குப் போகும்."

"அனுப்பாதீங்க. நான் விலகிக்கறேன். அனுப்பறதுக்கு முன்னால பிள்ளை விலகிக்கலாம், மறு பரீட்சைக்கு வரலாம்னு விதியிலேயே இருக்கு. காரணம் கேக்கக் கூடாதுன்னும் இருக்கு."

"பைத்தியமா உனக்கு?" சார் எழுந்தே விட்டார். "இது பாஸ் ஆற பேப்பர். மறு பரீட்சை ஒரே வாய்ப்பு. அதுல தவறினா என்ன ஆகும், தெரியுமா?"

"தெரியும் சார். பஸ் ஏறணும்."

வெளியே வந்ததும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கைக்கு வந்ததைத் தட்டி விட்டுட்டியேடி."

"வந்தது அவ கைக்கும்மா. என் கைக்கு இன்னும் வரல" என்றாள் வக்கீல். அம்மா மகளின் கோலை வாங்கி, தூசியைச் சேலையால் துடைத்துக் கொடுத்தாள்.

வக்கீல் சும்மா விலகிவிட்டு வரவில்லை. தவறின பிள்ளைகளுக்கு விடுமுறையில் சார் வகுப்பு எடுப்பார். அதில் மேலே, மற்றவர்களோடு உட்காருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள். மறுக்க சாருக்கு முகம் இல்லை. முதல் நாள் கண்ணாடிக் குழாய் ஒன்றை அவள் கையில் கொடுத்தார். அவள் தடவிப் பார்த்து, "இவ்வளவுதானா? இதுக்கா சார் என்னைப் படிக்கட்டுக்குக் கீழ வெச்சீங்க?" என்றாள். வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்தார், சிரித்துவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

ஒவ்வொரு நாளும் அவளுக்கு ஒரு அதிர்ச்சி. "இதுவும் மாறிடுச்சா?" "இதையும் எடுத்துட்டாங்களா?" நன்றாகத் தெரியும் என்று நம்பியதெல்லாம் கையோடு பெயர்ந்து வந்தது. வீட்டில் வாயாடி புதுப் புத்தகத்தை வாசிப்பாள். இப்போது அவள் ஏதாவது மறுத்துச் சொன்னால் வக்கீல் வாதாடுவதில்லை. "எங்க, சர்க்கரை எடுத்துட்டு வா" என்பாள். அந்த வீட்டில் அப்புறம் எந்தச் சண்டைக்கும் அதுதான் பேச்சு.

மறு பரீட்சை வந்தது. எழுத வேறு பிள்ளையைப் பார்ப்போம் என்று அம்மா எவ்வளவோ சொன்னாள். "இவதான் எழுதணும்" என்று வக்கீல் ஒரே பிடியாக நின்றாள். அதே அறை, அதே மேசை. பாதி எழுதியிருக்கும்போது ஒரு கேள்வி வந்தது, மனிதனின் இதயத்தில் எத்தனை அறைகள் என்று.

"மூணு" என்றாள் வக்கீல்.

பேனா நின்றது. வாயாடி மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. நாற்காலி கிறீச்சிட்டது. அப்புறம் பேனா மெல்ல, மிக மெல்ல நகர்ந்தது.

"எழுதினதை வாசி."

"மூணு" என்றாள் வாயாடி. குரல் உடைந்திருந்தது. "மூணுன்னுதான்கா எழுதியிருக்கேன்." காகிதத்தின் மேல் சொட்டென்று ஒன்று விழுந்தது.

வக்கீலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடிச்சிட்டு நாலுன்னு எழுதுடி. எனக்குத் தெரியாதா? நீ சரியா இருக்கியான்னு பாத்தேன்."

"அடப்பாவி அக்கா!" என்றாள் வாயாடி. ஜன்னல் பக்கத்திலிருந்து, "அங்க என்ன பேச்சு?" என்று ஒரு அதட்டல் வந்தது.

தேறினாளா என்றுதானே பார்க்கிறீர்கள்? தேறினாள். வாயாடி முதலில் எழுதினதற்கு ஒரு மார்க் வந்திருக்குமே, அதைவிடக் குறைவுதான். ஆனால் அவளுடையது. பஸ் ஏறவில்லை. தன் பெஞ்சிலேயே உட்கார்ந்தாள்.

பள்ளி திறந்த அன்றைக்கு மேல் வகுப்புக்கு என்று புதுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். பளபளவென்று இருந்ததாம். வக்கீல் அதைத் தொடவில்லை. "இது எந்த வருஷத்துப் புத்தகம் சார்?" என்று கேட்டாள். சார் பட்டனை அமுக்கிக் கேட்டார். அதே குரல். அதே இருமல். கேட்டுக்கொண்டிருந்தவர் முகம் வெளுத்துவிட்டது. பெட்டியை எடுத்துப்போய் அலமாரியில் வைத்துப் பூட்டினார். திரும்பி வந்து, "நீ மேல வா" என்றார்.

இன்னும் எத்தனை படிக்கட்டுகளுக்கு அடியில் எத்தனை பிள்ளைகள் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ, அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

சரி, எழுந்திருங்கள் என் செல்லங்களே, வீட்டில் தேடுவார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வாய் திறந்து சொன்னது சொன்னபடியே காகிதத்தில் ஏறட்டும். அவர்கள் கையில் வருகிற புத்தகம் அன்றன்றைக்குப் புதிதாக இருக்கட்டும். தன் நாக்கு அறிந்த ருசியைத் தானே சந்தேகிக்கிற நிலை உங்கள் வாசலில் ஒரு குழந்தைக்கும் வராதிருக்கட்டும். உங்கள் சமையலறையில் சர்க்கரை குறையாமல் இருக்கட்டும். நன்றாக இருங்கள்.